பொடக்காலியிலேயே (வீட்டுக் கொல்லையிலேயே) கோழித் தீவனம்: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைக் கோழி கூண்டை விட்டு நகராது, அதற்கு எல்லாமே மூட்டையில்தான் வந்தாக வேண்டும். வீட்டில் வளர்க்கும் நாட்டுக்கோழி அப்படியில்லை, பாதி வயிற்றை அதுவே சீய்த்து நிரப்பிக்கொள்ளும். ஆனால் காலையும் மாலையும் அரிசியை இறைத்துவிட்டு "முட்டையே வைக்க மாட்டேங்குதே" என்று கேட்பவர்கள் நிறைய. தானியம் பசியை அடக்கும், உடம்புக்குத் தெம்பு தரும், அவ்வளவுதான். முட்டைக்கும் இறகுக்கும் புரதம் வேண்டும். அதனால் புழுபூச்சியிலும் தழையிலும் ஆரம்பியுங்கள், தானியம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

1. முதல் வேலை வேலி. கோழியை அடைக்க அல்ல, செடியைக் காப்பாற்ற. நாற்று முளைத்த அன்றே கிளறிப் போட்டுவிடும். பழைய மீன்வலையோ முள்ளோ எது இருந்தாலும் சரி.

2. அடுத்து கரையான். இதைவிடச் சுலபமான தீவனம் கிடையாது, செலவும் இல்லை. வாய் அகன்ற பழைய மண்பானை ஒன்றில் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணி, தென்னை மட்டைத் துண்டு, சருகு எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். சாயங்காலம் கரையான் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்துப் பானையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் கோழிகள் நடுவே தட்டினால் போதும், மிச்சம் இருக்காது. வீட்டு நிலைச்சட்டம், கதவு, கூரை மரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். நல்ல கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போது கரையான் குறைவாகத்தான் ஏறும், அப்போது வைக்கும் இடத்தையும் முன்கூட்டியே நனைத்து வையுங்கள்.

3. தழைக்கு முருங்கை. திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பக்கம் காடு காடாக முருங்கை நிற்கிறது, தண்ணீர் குறைந்த நம் ஊருக்கு அதுதான் தோது. கைப் பருமனில் ஒரு கொம்பை வெட்டி நட்டால் தழைத்துவிடும், இடுப்பளவிலேயே வெட்டி வெட்டி விட்டால் தழை கைக்கு எட்டும். கூடவே ஓரத்தில் வேலிமசால் என்ற தீவனச் செடியை விதையுங்கள், அடிக்கடி அறுக்கலாம். தழையைத் தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும். கொத்தாகக் கட்டிக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். பச்சை சேரச் சேர மஞ்சள் கருவின் நிறமும் ஏறும்.

ஆட்டுக்குப் போடுகிறோமே என்று அகத்தியையும் சூபாபுல் என்கிற சவுண்டலையும் கோழிக்கு ஒடித்துப் போட வேண்டாம். வெள்ளாடு தின்று கொழுக்கும், குஞ்சுக்கு அது ஆகாது.

4. அசோலா, அதாவது தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணிச் செடி. 6 அடி நீளம், 3 அடி அகலம், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி எடுத்து சில்பாலின் ஷீட் (தண்ணீர் இறங்காத பிளாஸ்டிக் தார்ப்பாய்) விரியுங்கள். சலித்த மண் 10 முதல் 15 கிலோ, அதன்மேல் 2 கிலோ சாணியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, அரைக் கிலோ அசோலாவைத் தூவினால் பத்துப் பதினைந்து நாளில் குழி மூடிவிடும். இங்கே பல பேர் இதில்தான் சலித்துப் போகிறார்கள், காரணம் உப்புத் தண்ணீரும் சித்திரை வெயிலும். தென்னை நிழலில் போடுங்கள், மழைத்தண்ணீரோ நல்ல கிணற்றுத் தண்ணீரோ விடுங்கள். செடி சிவந்தால் வெயில் அதிகம், இல்லையென்றால் மணிச்சத்துப் (பாஸ்பரஸ்) பற்றாக்குறை. சூப்பர் பாஸ்பேட் 30 கிராம் போட்டால் தேறும். அள்ளியதை நன்றாக அலசி, சாணி வாடை போனபின் தவிட்டில் பிசைந்து வையுங்கள். ஆரம்பத்தில் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், அப்புறம் பழகிக்கொள்ளும்.

5. தானியம் கடைசி. ஆடிப்பட்டத்தில் ஒரு மூலையில் கம்போ சோளமோ விதைத்துவிடுங்கள். கதிரை அடித்துத் தூற்றக்கூட வேண்டாம், காயவைத்து அப்படியே கட்டித் தொங்கவிட்டால் அதுவே உதிர்த்துத் தின்னும்.

முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் தூளோ, வறுத்து நொறுக்கிய முட்டை ஓடோ தனிச் சிரட்டையில் வையுங்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு எதையும் "கோழிதானே" என்று போடாதீர்கள், அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். மருந்தடித்த காட்டுத் தழையும் வேண்டாம். பொரித்த குஞ்சுக்கு முதல் சில வாரம் கடைக் குஞ்சுத் தீவனம் இருக்கட்டும், கரையானும் தழையும் அதற்கு மேல்தான்.