பட்டை வண்டுகளின் இணைசேர்க்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கும் நான், காட்டு மரங்களின் பட்டையைத் துளைத்து அவற்றைக் கொல்லும் பட்டை வண்டுகளைப் பற்றி அவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறேன்: 'ஆண் வண்டு பெண் வண்டைத் தேடிப் பறந்து வருகிறது.' மற்ற பூச்சிகளைப் பார்த்துப் பழகிய கண் இப்படித்தான் ஊகிக்கும். இந்த வண்டுகளிலோ, எந்தப் பால் முதலில் மரத்தைத் துளைக்கிறது என்பதே இனத்துக்கு இனம் மாறுகிறது.

ஐரோப்பாவின் ஸ்புரூஸ் மரங்களைத் தாக்கும் இப்ஸ் டைப்போகிராபஸ் என்னும் இனத்தில் ஆண்தான் முதலில் பட்டையைத் துளைத்து, உள்ளே சிறிய அறை ஒன்றைக் குடைகிறது. ஆய்வாளர்கள் அதை மணவறை என்றே அழைக்கிறார்கள். அங்கே ஒன்று முதல் மூன்று பெண்கள் வந்து சேர, ஒவ்வொன்றும் இணைசேர்ந்தபின் தனக்கென ஒரு சுரங்கம் தோண்டி முட்டையிடுகிறது. வட அமெரிக்காவின் மலைப் பைன் வண்டிலோ முதலில் துளைப்பது பெண். ஆண் பின்னால் வந்து, வாசலில் உடலை உராய்ந்து கிறீச்சென்று ஒலியெழுப்பி, ஒரே பெண்ணோடு இணைகிறது. ஆகவே இனத்தின் பெயரைச் சொல்லாமல் 'பட்டை வண்டு இப்படி இணைசேர்கிறது' என்று எழுதுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

அடுத்த தவறுக்கு நம் சொல்லே வழிவிடுகிறது. பூச்சிகளை வரவழைக்கும் மணப்பொருள் வைத்த எல்லாப் பொறிகளையும் 'இனக்கவர்ச்சிப் பொறி' என்கிறோம். அதனால் அந்த மணம் எதிர்பாலை மட்டுமே அழைக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். பட்டை வண்டின் மணமோ ஆண், பெண் இரண்டையும் கூட்டமாகத் திரட்டுகிறது. நலமான பைன் மரம் துளைத்த இடத்தில் பிசினைப் பெருக்கி வண்டை மூழ்கடித்துவிடும் என்பதால், சில வண்டுகள் மட்டும் வந்தால் அவை பெரும்பாலும் அங்கேயே மடியும். நூற்றுக்கணக்கில் ஒருசேரத் துளைத்தால்தான் பிசின் ஓய்ந்து மரம் பணியும். மலைப் பைன் வண்டின் பெண், மரத்தின் பிசினிலுள்ள ஆல்ஃபா பைனீன் என்னும் வேதிப்பொருளையே மாற்றித் தன் அழைப்பு மணத்தை உண்டாக்குகிறது. மரம் தன் காப்புக்காகச் சுரப்பதே வண்டுக்கு முரசாகிவிடுவது, இத்தனை ஆண்டு சொல்லிக்கொடுத்த பிறகும் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. கூட்டம் நிறைந்ததும் வெர்பினோன் என்ற வேறொரு மணம் மிகுந்து, புதிதாக வருபவற்றைப் பக்கத்து மரத்துக்குத் திருப்பிவிடுகிறது. அந்த மரங்களை வண்டு மட்டுமே கொல்வதாகவும் எழுதக்கூடாது, வண்டு உடன்கொண்டுவரும் நீலப் பூஞ்சைக்கும் அதில் பங்குண்டு.

இதே புரிதற்பிழை நம் கொல்லைக்கும் வந்து சேர்கிறது. தென்னையின் சிவப்புக் கூன்வண்டு பட்டை வண்டு அல்ல என்றாலும், அதன் ஆண் வெளியிடும் மணமும் இருபாலையும் திரட்டுவதுதான். ஆகையால் திருவொற்றியூரிலோ மாதவரத்திலோ கொல்லையில் ஓரிரு தென்னை மட்டும் வைத்திருப்பவர், பொறி வாளியை அந்த மரத்திலேயே கட்டினால், வரும் வண்டுகளில் சில வாளிக்குள் விழாமல் மரத்திலேயே தங்கி முட்டையிட்டுவிடும்.

இணைசேர்க்கை எப்போதும் புதிய மரத்தில்தான் நடக்கும் என்பதும் பிழை. 1990-இல் நீலகிரியின் கூடலூரில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட காப்பிக்காய்த் துளைப்பான், பட்டை வண்டுகளின் உறவினம். அதன் ஆணுக்குப் பறக்க இயலாது, பெண் தான் பிறந்த காய்க்குள்ளேயே உடன்பிறந்த ஆணோடு இணைந்த பின்னரே வெளியே பறக்கிறது. இப்ஸ் டைப்போகிராபஸ் பெண்ணும் ஒருமுறை முட்டையிட்டுவிட்டு வெளியேறி, மறுபடி இணைசேராமலே வேறிடத்தில் அடுத்த தொகுதி முட்டைகளை இட வல்லது. ஆண்களைப் பிடித்துவிட்டால் பெருக்கம் நின்றுவிடும் என்ற கணக்கு இவற்றிடம் செல்லாது.

துறைமுகத்திலிருந்து ராயபுரம் பக்கம் வரும் பைன் பெட்டிப் பலகையில் துளையைக் கண்டு, உள்ளே வண்டு இன்னும் பெருகுகிறது என்று அஞ்சுபவர்களும் உண்டு. பட்டை வண்டு பெருகுவதற்கு ஈரமுள்ள உட்பட்டை வேண்டும். பட்டை உரித்துக் காய்ந்த பலகையில் அதற்கு இடமில்லை. பலகையில் கோதுமைக் கதிர் வடிவ முத்திரையுடன் ஹெச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால், அதன் உட்புறம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். துளையிலிருந்து மாவுபோல் தூள் புதிதாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் மட்டும், அது காய்ந்த மரத்தை உளுக்கச் செய்யும் வேறு வண்டின் வேலை என்று கொண்டு, அந்தப் பலகையை மற்ற மரச் சாமான்களிலிருந்து ஒதுக்கிவைக்க வேண்டும்.