டிராவல் டிரெய்லரை இழுக்க உங்கள் பிக்கப் போதுமா?

டிராவல் டிரெய்லர் என்பது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு. அமெரிக்காவில் அதை இழுக்க பிக்கப் வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது இழுவைத் திறன்: "இந்த வண்டி 11,000 பவுண்ட் இழுக்கும்." அந்த எண்ணைக் கணக்கிடும் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே2807 முறையில், வண்டிக்குள் தலா 150 பவுண்ட் எடையுள்ள இரண்டு பேர்தான் இருப்பார்கள். பிள்ளைகள், நாய், கூலர் எதுவும் கணக்கில் இல்லை. எஃப்-150, ராம் 1500 போன்ற 'அரை டன்' வகை வண்டிகளில் இழுவைத் திறனுக்கு முன்பே தீர்ந்துபோவது பேலோட், அதாவது வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை. அங்கிருந்து தொடங்குங்கள்.

1. கதவு ஸ்டிக்கர்

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அதுதான் உங்கள் வண்டியின் பேலோட். விளம்பரத் தாளில் உள்ளதை நம்பாதீர்கள். ஃபோர் வீல் டிரைவ், சன்ரூஃப் என்று ஒவ்வொன்று சேரும்போதும் இது குறையும்.

2. டிரெய்லரின் எடை

வெறும் எடையை விட்டுவிட்டு, ஜிவிடபிள்யூஆர் எனப்படும் உச்ச எடையை எடுங்கள். 40 காலன் தண்ணீர் நிரப்பினாலே 330 பவுண்ட் ஏறிவிடும்.

3. முன்பாரம்

டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை ஹிட்ச் மேல், அதாவது வண்டியின் பின்னால் அதை மாட்டும் இணைப்பின் மேல், இறக்க வேண்டும். அதுதான் முன்பாரம். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்: பின்பாரம் ஆனால் நுகம் தூக்கும். டிரெய்லரில் பின்பாரம் ஆனால், வேகத்தில் அது வால் ஆட்டும்.

7,000 பவுண்ட் டிரெய்லர், 1,550 பவுண்ட் பேலோட் என்று வைத்துக்கொள்வோம். 13 சதவீதம் என்றால் முன்பாரம் 910. ஹிட்ச் சாதனம் 90. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் 480. கூட்டினால் 1,480, மீதி 70 பவுண்ட். ஒரு கருவிப்பெட்டியும் கொஞ்சம் விறகும் வைத்தால் முடிந்தது. முன்பாரம் 15 சதவீதமானால் மொத்தம் 1,620, வரம்பைத் தாண்டிவிட்டது. இந்த நிலையில் அடுத்த பெரிய வகையான 'முக்கால் டன்' வண்டிக்குப் போங்கள், அல்லது சிறிய டிரெய்லர் எடுங்கள். பின் ஸ்பிரிங்கில் ஏர்பேக் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் பேலோட் ஒரு பவுண்ட் கூட அதிகரிக்காது.

4. ஹிட்ச்

ஹிட்ச்சைச் செருகும் ரிசீவர் குழாயின் ஸ்டிக்கரில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். சாதாரண பால் (டிரெய்லர் உட்காரும் இரும்புக் குண்டு) மட்டும் போட்டால் 5,000 பவுண்ட் டிரெய்லர், 500 பவுண்ட் முன்பாரம் என்பது பல வண்டிகளில் காணும் வரம்பு. நம் 910க்கு அது போதாது. எடையை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேண்டும். அதில் இருபுறமும் உள்ள ஸ்பிரிங் பார்களைச் சங்கிலியால் இழுத்து மாட்டுவதுதான் எடையைப் பகிரும். பால் அளவு, அதன் மேல் கவிழும் டிரெய்லரின் கப்ளரில் பொறித்திருக்கும். 2 அங்குலப் பாலை 2-5/16 கப்ளரில் மாட்டினால் உட்கார்ந்தது போலத் தெரியும். பள்ளத்தில் துள்ளும்போது கழன்றுவிடும்.

5. டேப் வைத்து அளங்கள்

சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து முன்சக்கர வளைவின் விளிம்பு வரை அளங்கள். டிரெய்லர் இல்லாமல் 38 அங்குலம், பார்கள் மாட்டாமல் டிரெய்லரை இறக்கியதும் 39¼ என்று வருகிறது. முன்பக்கம் 1¼ அங்குலம் தூக்கிவிட்டது. ஸ்டியரிங் பிடி அந்த அளவுக்குத் தளரும். பார்களை இறுக்கி, தூக்கியதில் பாதியையாவது, அதாவது 38⅝க்கு, கீழே கொண்டுவாருங்கள். சரியான இலக்கு வண்டியின் மேனுவலில் இருக்கும்.

குறையவில்லையா? பாரின் சங்கிலியை ஒரு கண்ணி குறைத்து, இன்னும் இறுக்கமாக மாட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பால் இருக்கும் தலையைப் பின்பக்கம் சாய்க்க வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து மழையில் வழுக்கும். பார்களை மாட்டுவதற்கு முன், கப்ளரைப் பூட்டிய நிலையிலேயே ஜாக்கால் தூக்கிக்கொள்ளுங்கள். இழுவிசையில் விடுபடும் பார் எலும்பை உடைக்கும்.

6. பிரேக், சங்கிலி

பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் பிரேக்அவே கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியில் தனியாக மாட்டுங்கள். பிறகு காலியான சாலையில் 25 மைல் வேகத்தில், டிரெய்லர் பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் அழுத்திப் பாருங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே கெயினை (பிரேக் பிடிக்கும் வலிமையை) வையுங்கள்.

7. எடை மேடை

பயணத்துக்கான சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றியபின் டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) எடை மேடையில் ஏறுங்கள். முதலில் டிரெய்லருடன், பார்களைக் கழற்றிவிட்டு. அடுத்து டிரக் மட்டும். முதல் சீட்டில் டிரக்கின் இரண்டு அச்சுகளின் கூட்டுத்தொகையிலிருந்து இரண்டாவது சீட்டின் மொத்தத்தைக் கழித்தால் கிடைப்பதே உண்மையான முன்பாரம். 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கனமான சாமானை டிரெய்லர் அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள்.

சாலையில் டிரெய்லர் ஆடத் தொடங்கினால் டிரக் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கன்ட்ரோலர் லீவரால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள்.