அக்காள் மகளின் பிரான்ஸ் படிப்புக்கு ஸ்பான்சராகக் கையெழுத்திடும் முன்

பெற்றோரின் வருமானம் போதாதபோது தாய்மாமனோ சித்தப்பாவோ ஸ்பான்சராக முன்வருவது புதுச்சேரிக் குடும்பங்களில் புதிதல்ல. ஆனால் எவ்வளவு தொகைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைப் பெற்றோரோடு உட்கார்ந்து பேசி முடித்த பிறகே கையெழுத்திட வேண்டும். பிரெஞ்சு மாணவர் விசாவுக்கு வாழ்க்கைச் செலவாக மாதம் 615 யூரோ, அதாவது 12 மாதங்களுக்கு 7,380 யூரோ, காட்ட வேண்டும். கல்விக் கட்டணம் தனி. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் பண ஆதாரம் கேட்கப்படும் என்பதால், இரண்டாண்டு முதுகலை என்றால் இரண்டாண்டுப் பொறுப்பு என்றே கொள்ள வேண்டும். மாணவர்கள் அங்கே ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம். எனினும் இன்னும் கிடைக்காத சம்பளத்தை நம்பி ஸ்பான்சர் தொகையைக் குறைத்துக்கொள்வது சரியல்ல.

பொறுப்பேற்புக் கடிதத்தைப் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். "தேவையான உதவிகளைச் செய்வேன்" என்று பொதுவாக எழுதாமல், மாணவியின் கடவுச்சீட்டு எண், படிப்பு, பல்கலைக்கழகம், மாதத் தொகை, காலம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். அதனுடன் ஸ்பான்சரின் அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு அல்லது வருமான வரிக் கணக்கு ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது உறவுச் சான்றில்தான். மாமனின் பெயருக்கு முன் அவருடைய தந்தையின் இனிஷியல் இருக்கும், மருமகளுக்கு அவளுடைய தந்தையின் இனிஷியல். இருவரும் உறவினர் என்பதைக் காட்ட அந்தப் பெயர்களில் எதுவும் இல்லை. ஆகவே மாணவியின் பிறப்புச் சான்றிதழோடு, அவள் தாய்க்கும் மாமனுக்கும் பெற்றோர் ஒருவரே என்பதைக் காட்டும் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் வைப்பது நல்லது.

விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு கணக்கில் திடீரென விழும் பெருந்தொகை சந்தேகத்தைக் கிளப்பும். அது சீட்டு எடுத்த பணமாகவோ நகைக்கடனாகவோ இருந்தால் அதற்கான ரசீதைச் சேர்த்துவிட வேண்டும். நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்ஸில் உறவினர் உண்டு. அவர் பொறுப்பேற்றால் அங்கத்திய சம்பளச் சீட்டுகளும் வரி அறிக்கையும் வேண்டும், வீட்டில் தங்கவைப்பதாக இருந்தால் அதற்குத் தனிக் கடிதமும் வேண்டும்.

இங்கிருந்து பணம் அனுப்ப ஸ்பான்சரின் பான் எண் அவசியம். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கி டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் வருமான வரி முன்தொகை) பிடிக்கும்; அதை அவர் தம் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். தாய்மாமனும் சித்தப்பாவும் தரும் பணத்துக்கு மாணவி வரி செலுத்த வேண்டியதில்லை. உறவல்லாத குடும்ப நண்பர்கள் தருவது ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் அவளுடைய வருமானமாகக் கருதப்படும்.

பிரிட்டனுக்கு இந்த ஏற்பாடு செல்லாது. அங்கே குடும்பப் பணம் என்றால் மாணவர், பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கணக்கில் தொடர்ந்து 28 நாள்கள் இருந்த பணத்தையே ஏற்பார்கள். ஆகவே மாமன் தம் சகோதரியின் கணக்குக்கே தொகையை அன்பளிப்பாக முன்கூட்டி மாற்றி, அதற்கு ஓர் எழுத்து ஆவணமும் செய்துகொள்ள வேண்டும்.