உங்கள் மெயில் ஐடிக்கு ஸ்பேம் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

+2 ரிசல்ட் வந்ததும் வேலூரில் கல்விக் கண்காட்சிகள் களைகட்டிவிடும். வாசலிலேயே ஒரு படிவம் நீட்டுவார்கள்: பெயர், செல் நம்பர், மெயில் ஐடி. எழுதிக் கொடுத்த சில நாட்களில், பெயரே கேள்விப்படாத கல்லூரிகளிலிருந்தெல்லாம் மெயில் வந்து குவியும். இப்படிக் கேட்காமலே வரும் குப்பை மெயில்தான் ஸ்பேம். வெளியே போன ஐடியைத் திரும்ப வாங்க வழி கிடையாது. ஆகவே யாரிடம் எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் முதல் கவனம் வேண்டும். வரும் மெயிலைத் தானாகப் பிரித்து ஒதுக்கும் ஃபில்டர் எல்லாம் அதற்கப்புறம்.

படி 1: இரண்டு ஐடி

முதல் ஐடி பேங்க், ஆதார், பான், பி.எஃப்., டி.என்.பி.எஸ்.சி., ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஆகியவற்றுக்கு மட்டும். துணிக்கடை பில், குலுக்கல் கூப்பன், கண்காட்சிப் படிவம், புது ஆப் எல்லாம் இரண்டாவதற்கு. ஜிமெயில் ஆப்பில் வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு இன்னொரு அக்கவுண்ட்டைச் சேர்த்தால், இரண்டும் ஒரே போனில் இருக்கும். இரண்டாவதற்கு நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஓர் இடத்தில்தான். புது ஆப் திறந்ததும் 'சைன் இன் வித் கூகுள்' என்று கேட்கும். அவசரத்தில் மேலே இருக்கும் அக்கவுண்ட்டைத் தொட்டுவிடுவோம். அது முதல் ஐடியாக இருந்தால் அந்த ஆப்புக்கு அதுவே போய்ச் சேரும். ஒரு நொடி நிதானித்து, எந்த ஐடி என்று பார்த்துத் தொடுங்கள்.

முதல் ஐடியில் பெயரையும் பிறந்த வருடத்தையும் மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். ஸ்பேம் அனுப்புபவர்கள் பெயர்களோடு எண்களை மாற்றி மாற்றிப் போட்டு அனுப்பிப் பார்ப்பார்கள். யாருக்கும் தராத ஐடிக்கும் குப்பை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 2: கூட்டல் குறி

ஜிமெயிலில் உங்கள் பெயருக்கும் @ குறிக்கும் நடுவே + போட்டு எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் மெயில் உங்களுக்கே வரும். பெயர்+துணிக்கடை@ஜிமெயில்.காம் என்ற மாதிரி, ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். தனியாக எதையும் பதிவு செய்ய வேண்டாம். நாளைக்கு அந்த ஐடிக்கு லோன் விளம்பரம் வந்தால், ஐடி கை மாறியது எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. சில தளங்கள் + குறியை ஏற்காது. விவரம் தெரிந்த ஸ்பேமர் கூட்டல் குறியிலிருந்து பின்பகுதியை வெட்டிவிட்டு அசல் ஐடிக்கே அனுப்புவான். அதனால்தான் இந்த வித்தையை இரண்டாவது ஐடியில் மட்டும் செய்யச் சொல்கிறோம்.

படி 3: ஃபில்டர்

இதைக் கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும். போன் ஆப்பில் வசதி இல்லை. ஜிமெயிலில் மேலே தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள அடையாளத்தை அழுத்துங்கள். 'டு' என்ற இடத்தில் கூட்டல் குறி போட்ட ஐடியை முழுதாக எழுதி, 'கிரியேட் ஃபில்டர்' கொடுங்கள். கடை பில் வேண்டும் என்றால், மெயிலை இன்பாக்ஸுக்கு வராமல் ஒதுக்கும் 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்', கூடவே தேடி எடுக்க ஒரு லேபிள் (பெயர் அடையாளம்). தொல்லை தாங்கவில்லை என்றால் 'டிலீட் இட்'.

படி 4: வந்துவிட்ட குப்பை

நீங்களே பொருள் வாங்கிய கடையின் விளம்பரம் என்றால், அனுப்பியவர் பெயருக்கு அருகே ஜிமெயிலே காட்டும் 'அன்சப்ஸ்கிரைப்' (இனி அனுப்ப வேண்டாம்) போதும். முன்பின் தெரியாத மெயிலாக இருந்தால், அதற்குள் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள். இந்த ஐடியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொன்னதாகிவிடும். 'ரிப்போர்ட் ஸ்பேம்' மட்டும் கொடுங்கள். பிளாக் செய்வதில் பெரிய பலன் இல்லை. அடுத்த மெயில் வேறு ஐடியிலிருந்து வரும்.

மெயிலில் உள்ள படமும் ஆள் காட்டும். கண்ணுக்கே தெரியாத அளவு சின்னப் படம் ஒன்றை வைத்திருப்பார்கள். அது லோடு ஆனால், மெயிலைத் திறந்துவிட்டீர்கள் என்று அனுப்பியவருக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், ஜெனரல், இமேஜஸ் என்று போய், காட்டுவதற்கு முன் கேட்கும்படி மாற்றுங்கள்.

ஸ்பேம் ஃபோல்டரில் இருப்பவை 30 நாளில் தானாக அழிந்துவிடும். நல்ல மெயிலும் சில சமயம் அதில் போய் விழும் என்பதால் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழில் செய்பவர்கள் வெப்சைட்டில் சொந்த ஐடியைப் போட வேண்டாம். @ குறியைத் தேடி ஐடிகளை அள்ளுவதற்கென்றே புரோகிராம்கள் உண்டு. வாடிக்கையாளர்கள் விசாரிப்பதற்குத் தனி ஐடி வையுங்கள்.

நெட் சென்டரில் விண்ணப்பம் போடும்போது

காட்பாடியோ சத்துவாச்சாரியோ, கூட்டமான நேரத்தில் கடைக்காரர் வேகத்துக்காகத் தன் ஐடியையே போட்டுவிடுவதுண்டு. ஹால் டிக்கெட்டும் பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கும் அவருக்குத்தான் போகும். சப்மிட் கொடுப்பதற்கு முன் அந்தக் கட்டத்தை நீங்களே படித்துப் பாருங்கள். உங்களுக்கென்று புது ஐடி தொடங்கித் தந்தால், வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு நம்பராக உங்கள் செல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே லாக் அவுட் செய்ய மறந்திருந்தால், கூகுள் அக்கவுண்ட்டின் செக்யூரிட்டி பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலைத் திறந்து, அந்தக் கம்ப்யூட்டரை உங்கள் போனிலிருந்தே சைன் அவுட் செய்துவிடலாம்.