சி.பி.சி. தாளில் என்.எல்.ஆர்., பி.என்.ஐ. கணக்கிடுவது எப்படி: இரைப்பைப் புற்றுநோயாளி வீட்டாருக்கு

கடலூர் லேபில் எடுத்த ரிப்போர்ட் ஒன்று, ஜிப்மரில் எடுத்தது இன்னொன்று என்று கோப்பு தடித்துக்கொண்டே போகும். நோயின் போக்கைக் கணிக்க உதவும் என்.எல்.ஆர். (நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம்), பி.என்.ஐ. (ஊட்டச்சத்து நிலையைக் காட்டும் குறியீடு) ஆகியவற்றுக்கு வேண்டிய எண்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. தனிப் பரிசோதனைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. அறுவைக்கோ முதல் கீமோவுக்கோ முன்பு எடுத்த சி.பி.சி. (முழு ரத்த அணு எண்ணிக்கை) தாளை வெளியே எடுங்கள். அல்புமின் என்ற ரத்தப் புரதம் அதில் இராது, கல்லீரல் பரிசோதனை (எல்.எஃப்.டி.) தாளில் பாருங்கள்.

டோட்டல் கவுண்ட் (மொத்த வெள்ளணு) 9,200, பாலிமார்ப் 72%, லிம்போசைட் 20%, பிளேட்லெட் 3.1 லட்சம், அல்புமின் டெசிலிட்டருக்கு 3.4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பாலிமார்ப் என்பது நியூட்ரோபில்தான்; அதுவும் லிம்போசைட்டும் வெள்ளணு வகைகள். 72-ஐ 20-ஆல் வகுத்தால் 3.6, இது என்.எல்.ஆர். மற்றவற்றுக்குச் சதவீதம் உதவாது, எண்ணிக்கை வேண்டும்: 9,200-இல் 20% என்றால் 1,840 லிம்போசைட். பிளேட்லெட்டை அதால் வகுத்தால் பி.எல்.ஆர். (பிளேட்லெட்–லிம்போசைட் விகிதம்) சுமார் 168.

பி.என்.ஐ.க்கு அல்புமினை 10-ஆல் பெருக்கி, லிம்போசைட் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 34 + 9.2 = 43.2. சில லேப்கள் அல்புமினை லிட்டருக்கு 34 கிராம் என்றே அச்சிடும். அதை மறுபடி பெருக்கினால் 349 வரும். அப்படி வந்தால் அலகைப் பாருங்கள்.

கட்டியால் உண்டாகும் அழற்சி நியூட்ரோபிலையும் பிளேட்லெட்டையும் ஏற்றுகிறது. கட்டியோடு மோதும் லிம்போசைட் குறைகிறது. அதனால்தான் என்.எல்.ஆர். ஏறியவர்களும் பி.என்.ஐ. இறங்கியவர்களும் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. என்.எல்.ஆர். எல்லைக்கோடு ஆய்வுக்கு ஆய்வு 2 முதல் 5 வரை மாறும், பி.என்.ஐ.க்குப் பெரும்பாலும் 45-ஐ ஒட்டி. 2.9-க்கு மகிழ்ந்து 3.1-க்கு அழ வேண்டாம். நோய் எந்த ஸ்டேஜ் என்பதே முதல் கேள்வி.

எண் தவறாக வருவது பெரும்பாலும் ரத்தம் எடுத்த நாளால்தான். காய்ச்சல், நெஞ்சுச் சளி, சிறுநீர்த் தொற்று இருந்தால் நியூட்ரோபில் எகிறும். கீமோவின்போது வாந்திக்குப் போடும் டெக்சாமெத்தசோன் நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கும், அன்றைய என்.எல்.ஆர். மருந்தின் எண், நோயின் எண் அல்ல. வெள்ளணுவை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசிக்குப் பிறகும், அறுவை முடிந்த முதல் நாள்களிலும் இதே கதைதான். கட்டியிலிருந்து ரத்தம் கசிந்து இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அதனாலேயே பிளேட்லெட் கூடி, பி.எல்.ஆர். பொய்யாக உயரும். மாறாக, சி.பி.சி.க்கு ரத்தம் எடுக்கும் ஊதாமூடிக் குழாயைச் சரியாகக் கலக்காவிட்டால் பிளேட்லெட் திரண்டு எண்ணிக்கை குறைந்து காட்டும். மே மாத வெயிலில் பைக் பெட்டியில் மணிக்கணக்கில் சுற்றிய குழாயையும் நம்பாதீர்கள். அல்புமின் மட்டும் தனியாகக் குறைந்திருந்தால் கல்லீரல், சிறுநீரகக் கோளாறையும் மருத்துவர் பார்ப்பார்.

ஒரு நோட்டில் தேதி, எந்த லேப், அன்று காய்ச்சல் உண்டா, என்ன ஊசி, பிறகு எண்கள் என்று வரிசையாக எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். கூடியவரை ஒரே லேபில் எடுங்கள். பி.என்.ஐ. குறைவாக இருந்தால், அறுவைத் தேதி குறிக்கும் முன்பே ஊட்டச்சத்து நிபுணரைக் கேளுங்கள். அல்புமினின் அரை ஆயுள் சுமார் 20 நாள். முட்டையும் கஞ்சியுமாக இரண்டு நாள் கொடுத்துவிட்டு மறு டெஸ்ட் எடுத்தால் எண் நகராது.