திறமூலத்துக்கு மாற: முதலில் செயலிகள், பிறகே லினக்ஸ்

அலுவலகக் கணினிகளைத் திறமூல மென்பொருளுக்கு (மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கும் மென்பொருளுக்கு) மாற்றும்படி முதலாளியிடம் கேட்கும்போது, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்திலிருந்து தொடங்காதீர்கள். இப்போதுள்ள விண்டோஸிலேயே லிப்ரெஆபிஸ் (ஆவணம், விரிதாளுக்கு), பயர்பாக்ஸ் (உலாவி), தண்டர்பேர்ட் (மின்னஞ்சலுக்கு) மூன்றையும் நிறுவி, ஊழியர்களைச் சில மாதம் அவற்றிலேயே வேலை செய்யவிடுங்கள். இம்மூன்றும் லினக்ஸிலும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் இயங்குவதால், இயங்குதளம் மாறும் நாளில் புதிதாகக் கற்க வேண்டியது மிகக் குறைவு. மலேசியாவில் ஊழியர் சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாக்களையும் இ-இன்வாய்ஸ் எனும் மின் விலைப்பட்டியலையும் எப்படியும் உலாவி வழியாகவே அனுப்ப முடியும்.

லிப்ரெஆபிஸின் அமைப்புகளில், கோப்புகள் மைக்ரோசாப்ட் வேர்ட், எக்செலின் டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவிலேயே சேமிக்கப்படும்படி முதல் நாளே மாற்றிவிடுங்கள். அனுப்பிய விலைப்பட்டியல் திறக்கவில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் அழைத்துச் சொன்னாலே போதும், முயற்சி முழுவதும் நின்றுவிடும்.

செலவுக் கணக்கைப் பிறகு எடுத்துவையுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவதில்லை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலோ லெபோ அம்பாங்கிலோ உள்ள சிறிய அலுவலகத்துக்கு, நன்றாக ஓடும் இயந்திரங்களைத் தூக்கி எறியாமல் காப்பாற்றுவதே வலுவான வாதம் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமானாலும், எக்செல் மேக்ரோக்களை (வேலைகளைத் தானே செய்யும் சிறு நிரல்களை) நம்பியே சம்பளக் கணக்கு நடக்குமானாலும் இவ்வழி முழுமையாகப் பொருந்தாது. அந்த வேலைக்கென ஒரு விண்டோஸ் கணினியை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.