பழைய கணினி எழ மறுத்தால்

பழைய கணினி இயங்காவிட்டால் உடனே அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் மேசைக் கணினிக்கு 12 வயது. மூன்று முறை படுத்து, மூன்று முறையும் எழுந்துவிட்டது.

முதலில் பொத்தானை அழுத்திவிட்டுக் காது கொடுங்கள். விசிறிச் சத்தமே இல்லையென்றால் பிளக், கேபிள், பின்பக்கச் சிறு சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சிறு உருளைகளில், ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

விசிறி சுற்றியும் திரை இருண்டே கிடந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ரேமைத்தான், அதாவது கணினியின் தற்காலிக நினைவகப் பட்டையை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடியும். கேபினெட்டைத் திறந்து, அதன் உலோகப் பகுதியைத் தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். ஓரக் கொக்கிகளை விலக்கி ரேமை நேராக மேலே எடுங்கள். கடைசியாக நான் எடுத்தபோது, பொன்னிறப் பட்டைகளில் புகை படிந்ததுபோல ஒரு மங்கல். வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்தேன். பட்டைகள் பளிச்சென்று ஆயின. துகளை வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். உலர்ந்த தூரிகை போதும். கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

கணினி எழுந்தும் தேதி பல ஆண்டுகள் பின்னால் நின்றால், மதர்போர்டின் (உள்ளே உள்ள முதன்மை மின்சுற்றுப் பலகையின்) நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 வகை.

மதர்போர்டு மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அதற்கு முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படங்களும் கடிதங்களும் அதில்தான் இருக்கின்றன.